கணக்குக் கேட்ட மனிதர்: யோன் சிகுர்ட்சன்



டென்மார்க்கில் வாழும் எங்களுக்கு இந்த நாட்டு அரசர்களில் நான்காம் கிறிஸ்தியானைக் கொஞ்சம் தெரியும். கொப்பன்கேகனில் எங்கட பிள்ளைகள் ஏறிப் பார்க்கும் வட்டக் கோபுரத்தைக் கட்டியவர் அவர்தான். அவர் காலத்துக் கப்பல்கள்தான் 1620 இல் தமிழ்க் கரைக்கு வந்தன. தஞ்சை நாயக்க மன்னருடன் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். ஆனால் இதே அரசர் அதற்கு முன்பே, 1602 இல், வடக்கே ஒரு தீவுக்குப் போட்ட பூட்டைப் பற்றி எம்மவரில் பலர் அறியமாட்டார்கள். அந்தத் தீவு ஐஸ்லாந்து. அந்தப் பூட்டின் கடைசித் துண்டையும் உடைக்க எழுதியே போராடிய ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் யோன் சிகுர்ட்சன்.

பூட்டு என்று நான் சொல்வது வியாபாரத் தனியுரிமையை. ஐஸ்லாந்து மக்கள் தங்கள் மீனையும் கம்பளியையும் அரசரின் அனுமதி பெற்ற டெனிஸ் வியாபாரிகளுக்கு மட்டுமே விற்கலாம். தானியம், மரம், இரும்பு எல்லாவற்றையும் அவர்களிடமே வாங்க வேண்டும். விலையும் மேலிடத்தில் நிர்ணயித்த விலைதான். ஒரு பகுதி மக்கள் பக்கத்துத் துறைமுகத்து வியாபாரிக்குக்கூட விற்க முடியாது. 1699 இல் கோல்ம்பாஸ்துர் என்ற ஏழைக் குடியானவர் தன்னுடைய சில மீன்களைத் தனக்கு ஒதுக்கப்படாத துறைமுகத்தில் விற்றார் என்பதற்காகக் கட்டி வைத்துச் சவுக்கால் அடிக்கப்பட்டார். தான் பிடித்த மீனைத் தான் விரும்பிய இடத்தில் விற்றதற்கு இந்தத் தண்டனை!

1783 இல் அங்கே எரிமலை வெடித்தது. ஆடு மாடுகள் செத்து, பஞ்சம் வந்து, மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1787 இல், பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அப்போதும் டெனிஸ் அரசரின் குடிகளோடு மட்டும்தான் வியாபாரம் செய்யலாம்.

ஆட்சி செய்பவன் தூரத்தில் இருந்துகொண்டு பணத்தை எடுக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் எழும்புகிறது. அமெரிக்கக் குடியேறிகள் முத்திரை வரிக்கும் தேயிலை வரிக்கும் எதிராக எழும்பியது வரியின் தொகைக்காக மட்டும் அல்ல. தங்களுக்கு ஓர் ஆசனம்கூட இல்லாத லண்டன் பாராளுமன்றம் வரி போடலாமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 1776 இல் சுதந்திரம் அறிவித்துப் போர் செய்து வென்றார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கும்பினியாருக்குக் கிஸ்தி கட்ட மறுத்து 1799 இல் கயத்தாறில் தூக்கில் தொங்கினார். யோன் சிகுர்ட்சன் கேட்டதும் அதே கேள்விதான். ஆனால் அவர் கையில் இருந்தது பேனை.

அவர் 1811 ஆம் ஆண்டு யூன் மாதம் 17 ஆம் திகதி ஐஸ்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் ராப்ன்செய்ரி என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனார் ஒரு போதகர். வீட்டிலேயே தகப்பனாரிடம் படித்து, 1829 இல் ரெய்க்யாவிக் போய் முதலில் கடையில் வேலை செய்தார், பிறகு ஆயருக்கு எழுத்தராக இருந்தார். இங்கிபியோர்க் என்ற உறவுக்காரப் பெண்ணை நிச்சயம் செய்துகொண்டு, 1833 இல் படிப்பதற்காகக் கொப்பன்கேகனுக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பெண் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார். 1845 இல்தான் கலியாணம். வெளிநாடு போன மாப்பிள்ளைக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று எங்கட சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் பட்டம் எடுக்கவே இல்லை. ஏ.எல். உடன் படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன எனக்கு இது பிடித்த விசயம். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. கொப்பன்கேகனில் சேர்த்து வைத்திருந்த பழைய ஐஸ்லாந்துக் கையெழுத்துச் சுவடிகளில் வேலை செய்தார். பழைய சட்டங்களையும் உடன்படிக்கைகளையும் வரி வாசித்துப் பழகினார். பிறகு அவர் நடத்திய வாதம் எல்லாம் இந்தச் சுவடிகளிலிருந்து வந்ததுதான்.

1841 இல் நண்பர்களுடன் சேர்ந்து ஓர் ஆண்டு மலரைத் தொடங்கினார். புதிய சங்க ஏடு என்பது அதன் பெயரின் பொருள். அச்சடித்தது கொப்பன்கேகனில், வாசித்தவர்கள் ஐஸ்லாந்தில். பள்ளிக்கூடம், வியாபாரம், வைத்தியம், சட்டசபை என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதினார். அந்த மலர் 1873 வரை வந்தது. வருடம் ஒரு மலர் கொண்டுவரவே நாங்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறோம் என்று இந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

1843 இல் அரசர், ஐஸ்லாந்தின் பழைய சபையான அல்திங்கை மீண்டும் அமைக்க உத்தரவிட்டார். 1845 இல் அது கூடியபோது யோன் அதில் உறுப்பினர். அதே வருடத்தில்தான் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது.

1848 இல் டெனிஸ் அரசர் முழு அதிகாரத்தையும் கைவிட்டார். அதிகாரம் இனி மக்களுக்கு என்றார்கள். எந்த மக்களுக்கு? யோன் சுவடியை எடுத்து விரித்தார். ஐஸ்லாந்தவர் 1262 இல் உடன்படிக்கை செய்தது நோர்வே அரசருடன். அந்த முடி பிறகு டெனிஸ் அரசரிடம் வந்தது. ஆகவே அவர்கள் கட்டுப்பட்டது அரசருக்கே, டெனிஸ் மக்களுக்கு அல்ல. அரசர் அதிகாரத்தை விட்டால் ஐஸ்லாந்தின் பங்கு ஐஸ்லாந்துக்குத்தான் திரும்ப வேண்டும் என்று எழுதினார்.

1851 இல் ரெய்க்யாவிக்கில் தேசிய சபை கூடியது. டெனிஸ் அரசியல் சட்டத்தை அப்படியே ஐஸ்லாந்திலும் நடைமுறைப்படுத்தும் மசோதாவுடன் ஆளுநர் திராம்பெ பிரபு வந்தார். சிறு படைப்பிரிவு ஒன்றும் ஊருக்குள் வந்திறங்கியிருந்தது. உறுப்பினர்கள் வேறு வழியில் போவதைக் கண்டதும் ஆளுநர் சபையைக் கலைத்தார். யோன் எழும்பி, அரசரின் பெயராலும் மக்களின் பெயராலும் ஆட்சேபம் தெரிவித்தார். மற்றவர்களும் எழுந்து நின்று தாங்களும் ஆட்சேபிப்பதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். கல் எறியவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. இன்றைக்கும் ஐஸ்லாந்துப் பிள்ளைகள் அந்த நாளைப் படிக்கிறார்கள்.

1855 இல் வியாபாரம் எல்லா நாட்டவருக்கும் திறந்து விடப்பட்டது. அது முதல் வெற்றி. அடுத்தது கணக்கு. ஐஸ்லாந்திலிருந்து வரும் வருமானத்தைவிடச் செலவு கூட, அது எங்களுக்குச் சுமை என்று டெனிஸ் தரப்பில் சொன்னார்கள். அகதிகள் சுமை என்று இந்த நாட்டில் எங்கள் காதிலும் விழுந்திருக்கிறது அல்லவா? யோன் கோபப்பட்டுக் கத்தவில்லை. கணக்கை எடுத்து மேசையில் வைத்தார். மதச் சீர்திருத்தக் காலத்தில் அரசர் எடுத்துக்கொண்ட திருச்சபைக் காணிகள், பிறகு அவற்றை விற்ற பணம், தனியுரிமையால் இரண்டு நூற்றாண்டாக வியாபாரிகளும் அரசரும் அடைந்த இலாபம், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கடன்காரர் கொப்பன்கேகன்தான் என்று காட்டினார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. 1871 இல் ஆண்டுக்கு 30,000 றிக்ஸ்டாலர் நிரந்தரமாகவும், இன்னும் ஒரு தொகை குறைந்து போகும் விதத்தில் சில காலத்துக்கும் என்று முடிவாகியது.

அவரை எல்லோரும் எப்போதும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1850களில் ஆடுகளுக்குச் சொறி நோய் பரவியது. ஆடுகளைக் கொன்றுவிட வேண்டும் என்று பல விவசாயிகள் சொன்னார்கள். மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் யோன். அதற்காகச் சொந்தச் சனமே அவரைப் பகைத்தது. சில வருடம் செல்வாக்குக் குறைந்தது. ஆனாலும் தான் சரி என்று நம்பியதை அவர் மாற்றிச் சொல்லவில்லை.

1874 இல் ஐஸ்லாந்துக்கு அரசியல் சட்டம் கிடைத்தது. உள்நாட்டுச் சட்டமும் பணமும் அல்திங்கின் கைக்கு வந்தன. அரசர் நேரில் போய்க் கொண்டாடினார். அந்த விழாவுக்கு யோனுக்கு அழைப்பு இல்லை!

கொப்பன்கேகனில் ஒஸ்டர் வோல்கேட வீதியில் அவருடைய வீடு இருந்தது. ஐஸ்லாந்து மாணவர்களுக்கு அந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருந்தது. தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. சகோதரியின் மகனை எடுத்து வளர்த்தார்கள். 1879 டிசம்பர் 7 ஆம் திகதி அந்த நகரத்திலேயே யோன் காலமானார். ஒன்பதாம் நாள் மனைவியும் போய்விட்டார். அடுத்த வருடம் இருவரின் உடல்களும் கப்பலில் ஊருக்குக் கொண்டுபோய் ரெய்க்யாவிக்கில் அடக்கம் செய்யப்பட்டன. அந்த வீடு இன்று ஐஸ்லாந்துப் பாராளுமன்றத்துக்குச் சொந்தம். கொப்பன்கேகன் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ.

1918 டிசம்பர் 1 இல் ஐஸ்லாந்து தனி அரசாகியது. 1944 இல் குடியரசாகியபோது அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் யூன் 17, யோன் பிறந்த நாள். அவர் வாசித்த சுவடிகளையும் 1971 முதல் டென்மார்க் ஐஸ்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

எங்கட பெரியவர்களும் எழுதினார்கள், பேசினார்கள், ஒப்பந்தம் செய்தார்கள். 1957 ஒப்பந்தமும் 1965 ஒப்பந்தமும் என்ன ஆனது என்று நாம் அறிவோம். ஆட்சேபித்தால் ஆள்பவர் காது கொடுக்கும் நாடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதனால் யோனின் வழிதான் எல்லோருக்கும் வழி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். நாற்பத்தாறு வருடம் அந்நிய நகரத்தில் இருந்தும் தன் மக்களின் பத்திரங்களையும் கணக்குகளையும் அவர் கைவிடவில்லை. மிகச் சிறிய ஒரு மக்கள் கூட்டத்துக்கு அது உதவியது. எங்கட வீடுகளிலும் பழைய காணி உறுதிகள், கடிதங்கள், படங்கள், ஊர்க் கதைகள் இருக்கின்றன. அவற்றை எறியாமல் வைத்து, பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்குவோம். கேள்வி கேட்கும் காலம் வரும்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.