முதுகில் போடும் மரப்பு ஊசி: தன் உடம்பிலேயே சோதித்த டாக்டருக்கு 9 நாள் தலைவலி!

கால் மூட்டு, எலும்பு முறிவு ஆபரேஷன்களில் பலருக்கும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கிறார்கள். இதுதான் ஸ்பைனல் அனஸ்தீசியா. ஒரு சிலருக்கு மட்டும் அதன் பிறகு எழுந்து உட்கார்ந்தாலே தலை பிளக்கிற மாதிரி வலிக்கும். அந்த வலியை அனுபவித்தே எழுதிவைத்தவர், இந்த முறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர்!

யார் இவர்?

1861-ல் ஜெர்மனியின் ஹெல்சனில் பிறந்தவர். கீல் நகரில் சர்ஜன். முழு மயக்கம் கொடுப்பதே ஆபத்தாக இருந்த காலம் அது. 1898 ஆகஸ்ட் 16-ம் தேதி, கணுக்கால் மூட்டில் காசநோய் தாக்கிய 34 வயது தொழிலாளிக்கு, முதுகுத்தண்டைச் சுற்றியிருக்கும் திரவத்தில் கொஞ்சம் கோகெய்ன் செலுத்தினார். வலியே தெரியாமல் ஆபரேஷன் முடிந்தது. ஆனால், பிறகு தலைவலி, வாந்தி.

ஏன் இப்படி? தானே சோதித்துப் பார்க்க முடிவெடுத்தார் பியர்.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

ஆகஸ்ட் 24. உதவியாளர் ஹில்டெபிராண்ட் பியரின் முதுகில் ஊசியைக் குத்தினார். ஊசியில் சிரிஞ்ச் சரியாகப் பொருந்தாததால் திரவம் நிறைய வெளியேறிவிட்டது. அடுத்து ஹில்டெபிராண்டுக்கு பியர் போட்டார். அது வேலை செய்தது. காலில் சுத்தியலால் தட்டியும், சுருட்டால் சுட்டும் பார்த்தார். வலியே இல்லை! இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள்.

பிறகுதான் வினை. ஹில்டெபிராண்டுக்கு வாந்தி, தலைவலி, காலெல்லாம் கன்றிப்போன காயம். பியர் 9 நாள் படுத்த படுக்கை. படுத்தால் சரியாகிவிடும், எழுந்தால் மறுபடி வலி.

காரணம் என்ன?

ஊசி குத்திய ஓட்டை வழியாகத் திரவம் கசிகிறது. உட்காரும்போது மூளைக்குக் கிடைக்கும் தாங்கல் குறைகிறது. 1899-ல் வெளியிட்ட கட்டுரையில் வெற்றியோடு இந்தப் பிரச்னைகளையும் மறைக்காமல் எழுதினார் பியர். 1949-ல், 87 வயதில் மறைந்தார்.

இப்போது எப்படி?

ஊசி மெலிந்துவிட்டது, முனையும் மாறிவிட்டது. அதனால் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓய்வு, மாத்திரைக்கு அடங்காவிட்டால், நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து முதுகில் செலுத்தி ஓட்டையை அடைக்கிறார்கள்.

ஆனால், மரத்த கால் நேரத்துக்குத் திரும்பாவிட்டாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ உடனே டாக்டரிடம் சொல்லணும். முதுகுத்தண்டு அருகே ரத்தக்கட்டோ, கிருமித்தொற்றோ இருக்கலாம். மிக அரிதுதான், ஆனால், தாமதித்தால் கால் செயலிழக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.