சீனியின் உருவம் கண்டவர்

கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடையிலே நாம் கலக்கிக் குடிக்கும் சீனி, குடலை அடைந்ததும் குளுக்கோசு, பிரற்றோசு என இரண்டாகப் பிரிகின்றது. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் கதலிப்பழத்திலும் இவ்விரண்டும் உள. ஒவ்வொன்றிலும் காபன் அணுக்கள் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6. எண்ணிக்கையில் வேற்றுமை யாதுமில்லை. எனினும் பொருள்கள் வேறு. பிரற்றோசே மிக்க இனிப்புடையது. இத்தகையனவற்றைச் சமபகுதியங்கள் என்பர். இவற்றின் உறவுமுறையை வகுத்தவர் எமில் பிஷர் என்னும் ஜேர்மன் அறிஞர்.

1852ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி, கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள ஒய்ஸ்கிர்கனில் அவர் பிறந்தார். தந்தையார் வணிகர், மகனையும் வணிகத்திற் புகுத்த முயன்று தோற்றார். நம்மவர் வீடுகளிலும் கேட்ட கதைதான்! வியாபாரத்துக்கு உதவாத பையன் படிக்கப் போனான். பேயர் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1874இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே பீனைல் ஐதரசீன் என்னும் பொருளைக் கண்டுபிடித்தார்.

வெல்லங்களை ஆராய்வோருக்குப் பெருந்தொல்லை, அவை எளிதிற் பளிங்காகாது பாகாகவே நின்றுவிடுதல். பீனைல் ஐதரசீனுடன் சூடாக்கவே மஞ்சட் பளிங்குகள் படிந்தன. குளுக்கோசு, மனோசு, பிரற்றோசு மூன்றும் ஒரே பளிங்கையே தந்தன! அப்பளிங்கு உண்டாகுமிடத்து முதலிரு காபன்களின் வேற்றுமை அழிந்துபோகும். ஆகவே மூன்றும் அவ்விரண்டில் மட்டுமே வேறுபடுவன, எஞ்சிய நான்கும் ஒரே அமைப்பின என்பது பெறப்பட்டது.

குளுக்கோசின் இனத்தில் 16 வடிவங்கள் இருத்தல் கூடும் என்பது வான்ற் ஹொவ் கோட்பாட்டின் முடிபு. அவற்றுள் குளுக்கோசு எது? 1891ஆம் ஆண்டு வசந்தத்தில் இத்தாலியக் கடற்கரையூரான போர்திகேராவில் இருந்தபோது, பிஷர் இச்சிக்கலின் ஒரு பகுதியைத் தம் ஆசானிடம் கூறினார். பேயர் பாணை உருட்டி, பற்குச்சிகளைச் செருகி, அணு உருக்கள் சமைத்துப் பார்த்தார், இறுதியிற் கைவிட்டார். பின்னர் வூர்ஸ்பூர்க்கில் நல்ல உருக்களை நெடுநேரம் நோக்கியிருந்தே பிஷர் விடை கண்டார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் வழிகாட்டிய பீனைல் ஐதரசீன் நஞ்சு. ஆண்டுக்கணக்கில் அதனோடு பழகி உடல் நலிந்தார். மணமாகி ஏழாண்டில், 1895இல், மனைவியார் மறைந்தார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் மைந்தர் இருவரை இழந்தார். 1919 ஜூலை 15இல் பேர்லினில் அவரும் காலமானார்.

அந்த 16 வடிவங்களும் கண்ணாடிப் பிம்பம் போன்ற 8 இணைகள். ஓரிணையில் வலம் எது, இடம் எது என்றறிய அன்று வழியில்லை. பிஷர் ஒன்றைத் தாமே கொண்டு எழுதினார். 1951இல் பைவூட் என்னும் டச்சு அறிஞர், புளியிலுள்ள தாத்தாரிக்கமிலத்தின் உப்பொன்றை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். பிஷர் கொண்டதே சரியாயிருந்தது.