இராணி மங்கம்மாள்

மதுரை நாயக்கருள் சொக்கநாதர் 1659 முதல் 1682 வரை ஆண்டார். ஓயாத போர்களால் நாடு நலிந்தது. அவர் வென்ற தஞ்சையும் 1675-இல் மராட்டியர் வசமாயிற்று. அவர்தம் மனைவியே மங்கம்மாள். கணவரையும் பின்னர் மகனையும் இழந்த அவர், பச்சிளங் குழந்தையான பேரன் பொருட்டு 1689-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

அந்நாளில் முகலாயப் பெரும்படை தென்னாடு புகுந்து செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டது. அப்படையோடு பொருது குடிகளை அழிவுக்கு உள்ளாக்க அம்மையார் விரும்பவில்லை. திறை செலுத்தி அமைதி பெற்றார். பெற்ற அமைதியை வீணாக்கவும் இல்லை. சாலைகள் அமைத்தார், அவற்றின் இருமருங்கும் நிழல்தரு மரங்களை நடுவித்தார், வழிநடந்து களைத்தோர்க்குச் சத்திரங்கள் நிறுவினார்.

ஆயினும் அவர் போரை முற்றும் துறந்தவரல்லர். திருவிதாங்கூர் மீதும் தஞ்சை மீதும் படை செலுத்தி வென்று பொருள் பெற்றார். 1702-இல் இராமநாதபுரத்துச் சேதுபதி மேல் தொடுத்த போரிலோ தோல்வியே கண்டார். தளவாய் நரசப்பையரும் களத்தில் மாண்டார்.

போரில் வந்த பொருள் போரிலேயே கரைந்தது. மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரமோ இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பெயரோடு வழங்கும் தமுக்கம் அரண்மனை 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது. பழஞ்சாலைகளைத் தென்பாண்டி மக்கள் மங்கம்மாள் சாலை என்றே வழங்கினர். அவர் வென்ற களங்களின் பெயரை அறிவார் சிலரே. அவர் அமைத்த சாலையை அறியாதார் இலர்.