சிவகாமி அம்மாளின் மகன்

மலர்க்குழுவில் ஒரு தலைவரைப் பற்றி எழுதித் தா என்று கேட்டதும் காமராசர் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். எனக்குச் சேரன்மகாதேவிப் பக்கம். முதலமைச்சராக இருந்தபோது அவருடைய கார் எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் நின்றதாம். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் பள்ளிக்கூடம் போகலியா என்று கேட்டாராம். போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். மதிய உணவுத் திட்டம் பிறந்த கதையாக இதை எங்க ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1956இல் அந்தத் திட்டத்தை அவர் தொடங்கி வைத்தது பாரதி பிறந்த எட்டயபுரத்தில். அன்றைக்கு அதுவும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான்.

ஆனால் நண்பர்களே, நான் எழுத வந்தது அவரைப் பெற்ற சிவகாமி அம்மாளைப் பற்றி.

1903 ஜூலை 15இல் விருதுபட்டியில் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வத்தின் நினைவாகக் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். அம்மாவோ ராஜா, ராஜா என்றே கூப்பிட்டாள். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆகிவிட்டது. பிள்ளைக்கு ஆறு வயசாகும்போது தேங்காய் வியாபாரம் செய்த அப்பா குமாரசாமி இறந்துபோனார். மகனும் மகளுமாக இரண்டு சின்னப் பிள்ளைகள். சிவகாமி அம்மாள் நகைகளை விற்றாள். அந்தப் பணத்தை ஊர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து, வருகிற வட்டியில் குடும்பம் நடத்தினாள். இன்றைக்கு நகை இருந்தால் அடகுக்கடை இருக்கு, குழுக் கடன் இருக்கு. அன்றைக்கு அந்த வட்டிக்காசு ஒன்றுதான்.

பையன் ஆறாம் வகுப்போடு நின்று, மாமாவின் துணிக்கடையில் நின்றான். பிறகு காங்கிரஸ், உப்புச் சத்தியாக்கிரகம், அலிப்பூர் சிறை. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 9 ஆண்டுகள் சிறை. கல்யாணம் செய்துவைக்க அம்மா எவ்வளவோ பார்த்தாள், நடக்கவில்லை. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், ஓடிவிடுகிறேன்.

1954 முதல் 1963 வரை மகன் முதலமைச்சர். அம்மா விருதுநகரின் அதே பழைய வீட்டில்தான். மாசம் 120 ரூபாய் அனுப்புவார் என்பார்கள். நகராட்சிக்காரர்கள் வீட்டுக்குத் தனியாகக் குழாய் போட்டதை அறிந்து பிடுங்கச் சொன்னது ஊரறிந்த கதை. வந்துபோகிறவர்களுக்காகப் பக்கத்து இடத்தை வாங்கிக் கக்கூஸ் கட்ட வேண்டும் என்று அம்மா கேட்டபோதும் மறுத்துவிட்டாராம். முதலமைச்சர் சொத்து வாங்கிட்டார் என்று ஊர் பேசும் என்பதுதான் காரணம். இத்தனைக்கும் அந்த விருதுநகரிலேயே 1967இல் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1975 அக்டோபர் 2இல் அவர் இறந்தபோது சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை.

இதைப் பேச்சுப்போட்டியில் பெருமையாக முழங்கியவன் நான். எங்கம்மாவிடம் வாசித்துக் காட்டியபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

எங்கம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா இல்லை. நான் டிப்ளமோ சேர்ந்தது அவள் கம்மலை அடகு வைத்துத்தான். சொளவை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டியபடியே கேட்டாள். குழாய் கதைக்குத் தலையாட்டினாள். கக்கூஸ் கதை வந்ததும் கத்தரி நின்றுவிட்டது. ஊர்க்காசைத் தொடாதது சரிதான்லே, ஆனா மழைக்கால ராத்திரியிலே அந்த வயசான பொம்பளை எங்க போயிருப்பா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நேர்மைக்கான விலையை மகனோடு சேர்ந்து அம்மாவும் கொடுத்திருக்கிறாள், அவளை யாரும் மேடையில் சொல்வதில்லை என்பது மட்டும் அன்றைக்கு உறைத்தது.

இன்னொன்றும் உறைத்தது. முதல் வருஷம் மினி டிராஃப்டர் வாங்க என்று அம்மாவிடம் காசு வாங்கினேன். சீனியர் ஒருத்தரிடம் பழையதை இரவல் வாங்கிக்கொண்டு, காசை ஜங்ஷனில் சினிமாவுக்கும் அல்வாவுக்கும் தீர்த்தேன். அம்மா அந்த டிராஃப்டரைத் துடைத்து, பழஞ்சேலையில் சுற்றி, பத்திரமா வைலே என்று கொடுத்தாள். திருகாணியில் துரு ஏறியிருந்தது. புதுசா பழசா என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. டிராஃப்டர் விஷயத்தை இதுவரை அவளிடம் சொல்லவில்லை. மலர் கையில் கிடைத்ததும் முழுசாக வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள்.