கடைத்தெருப் பேச்சையும் மதித்த பேராசிரியர்

கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் முதலில் கற்றுக்கொண்டது இலக்கண சுத்தமான வங்காளியும் அல்ல, புத்தக ஹிந்தியும் அல்ல. கூலியாளிடமும் காய்கறிக்காரரிடமும் பேசிக் காரியத்தை முடித்துக்கொள்ள உதவும் கடைத்தெரு ஹிந்தியைத்தான். அதில் ஆண்பால், பெண்பால் பேதம் பார்ப்பதில்லை. நான், நீ என்று ஆள் மாறினாலும் வினைச்சொல் மாறுவதில்லை. ஹம் ஜாயேகா, தும் ஜாயேகா என்றால் போதும். படித்தவர்கள் கேலி செய்த இந்தப் பேச்சையும் ஆராயத் தகுந்ததாக ஏற்று, 1931இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் டாக்டர் சுனீதி குமார் சட்டர்ஜி.

ஹௌராவைச் சேர்ந்த சிப்பூரில் 1890 நவம்பர் 26ஆம் தேதி பிறந்தவர் அவர். மோதிலால் சீல் இலவசப் பள்ளியிலும், பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச், பிரெசிடென்சி கல்லூரிகளிலும் படித்தார். 1913இல் ஆங்கில எம்.ஏ. பரீட்சையில் கல்கத்தா சர்வகலாசாலையிலேயே முதலாவதாகத் தேறினார். 1919இல் லண்டன் சென்று, ஒலியியல் மேதை டேனியல் ஜோன்ஸிடம் பயின்று, 1921இல் டி.லிட். பட்டம் பெற்றார். பிறகு பாரிஸில், திராவிட மொழிகளையும் ஆராய்ந்த ஜூல் பிளோக்கிடம் பாடம் கேட்டார். ஏட்டில் எழுதியிருப்பதை மட்டுமல்லாமல், ஜனங்கள் வாயில் வழங்குவதையும் கவனிக்க வேண்டும் என்ற நோக்கு அவரிடம் உறுதிப்பட்டது.

1922இல் திரும்பி வந்து கல்கத்தா சர்வகலாசாலையில் கைரா பேராசிரியரானார். முப்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் விளக்கும் அவருடைய பெருநூல் 1926இல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. தமிழர்களுக்கு அதில் ஒரு விசேஷம் உண்டு. நாம் குதிரை கிதிரை என்பதுபோல் வங்காளிகள் கோடா டோடா என்கிறார்கள். இத்தகைய வழக்குகளில் திராவிட மொழிகளின் சாயலை அவர் கண்டார். வங்காளி தனியே ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல, பல இனத்தார் சேர்ந்து வாழ்ந்ததன் விளைவு என்பது அவர் முடிவு.

1927இல் ரவீந்திரநாத் தாகூருடன் மலாயா, ஜாவா, பாலி, சயாம் நாடுகளுக்குச் சென்றார். வங்க மொழி பற்றித் தாம் எழுதி 1938இல் வெளியான நூலைக் கவி இவருக்கே காணிக்கையாக்கினார்.

அவர் வாழ்க்கையின் பெரிய சோதனை 1956இல் வந்தது. அதற்கு முன் அவர் ஹிந்தியின் நண்பர். எளிதாக்கிய ஹிந்தியை ரோமன் எழுத்தில் எழுதி நாட்டின் பொதுமொழியாக்கலாம் என்றுகூட வாதாடியவர். பி.ஜி.கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழிக் கமிஷனில் அவரும் ஓர் அங்கத்தினர். கமிஷனின் பெரும்பான்மையோர் ஹிந்தியை நோக்கி நடைபோட்டபோது, அவர் கையெழுத்தோடு சேர்ந்து போனது மறுப்புக் குறிப்பு. மறுப்பு எழுதிய இன்னொருவர், சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல் மந்திரி டாக்டர் பி.சுப்பராயன். அவசரப்பட்டு ஹிந்தியைப் புகுத்தினால், ஹிந்தி பேசுவோர் முதல்தரப் பிரஜைகளும் மற்றவர்கள் இரண்டாந்தரப் பிரஜைகளும் ஆவார்கள் என்று சட்டர்ஜி எச்சரித்தார். ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்றார்.

கடைத்தெரு ஹிந்தியைப் பாராட்டியவர் இப்படிச் சொன்னதில் முரண்பாடு இல்லை. கடைத்தெருவில் விற்பவரும் வாங்குபவரும் தங்கள் வசதிக்குத் தாங்களே அதை வளைத்துக்கொண்டார்கள். இருவரும் பிழை செய்தார்கள், இருவரும் சமம். உத்தியோகப் பரீட்சையில் அப்படியல்ல. அங்கே ஒருவருக்குத் தாய்மொழி, மற்றவருக்குப் பாடமொழி. மொழி எங்கே, யாருக்காக, என்ன வேலை செய்கிறது என்று பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்தது. பழைய நட்புக்காக அவர் அதை மறைக்கவில்லை.

ஹிந்தி ஆட்சிமொழியாக இருந்தாலும் ஆங்கிலமும் தொடரலாம் என்று 1963இல் சட்டம் வந்தது. 1969 முதல் சாகித்ய அகாடமியின் தலைவராக இருந்த சட்டர்ஜி, 1977 மே 29ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். ஹிந்துஸ்தான் பார்க்கில் உள்ள 'சுதர்மா' என்ற அவருடைய இல்லத்துக்கு, தமிழர்கள் நிறைந்திருந்த லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.