நாவலர் இரா. நெடுஞ்செழியன்

ஆசிரியப் பணியிலிருந்து சட்டமன்றம் புகுந்தோருள் நாம் நினைவுகூரத் தக்கவர் நாவலர் இரா. நெடுஞ்செழியன் ஆவார்.

அன்னார் 1920 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11 ஆம் நாள் திருக்கண்ணபுரத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட நாராயணசாமி என்னும் பெயரைத் தமிழ்ப்பற்றினால் மாற்றிக்கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்று, கோவைக் கல்லூரியொன்றில் சிறிது காலம் ஆசிரியராய் விளங்கினார். 1949 இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றார். 1956 இல் பொதுச்செயலாளரானார்.

1962 இல் திருவல்லிக்கேணித் தொகுதியில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். 1967 இல் கல்வியமைச்சரானார். மறு ஆண்டு சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றபோது கல்வித்துறை அவர் பொறுப்பில் இருந்தது.

1969 பிப்ரவரி 3 அன்று அறிஞர் அண்ணா மறைய, ஒரு வாரம் இடைக்கால முதலமைச்சரானார். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் இரு வாரங்கள் அப்பொறுப்பு அவரிடமே வந்தது. இருமுறையும் நிலையான தலைமை பிறர்க்கே வாய்த்தது. முதன்முறை அவர் மனம் வருந்தி அமைச்சரவைக்கு வெளியே நின்றார் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் பொதுப்பணியைத் துறந்தாரல்லர். மீண்டும் அமைச்சரானார், எம்.ஜி.ஆர். ஆட்சியிலும், 1991 முதல் 1996 வரையிலும் நிதித்துறையை ஏற்று நடத்தினார்.

2000 ஜனவரி 12 அன்று மறைந்தார். விரும்பிய இருக்கை கிட்டாதபோதும், கிட்டிய கடமையைச் செவ்வனே ஆற்றுதல் அரிது. அவ்வருமையை அவர்தம் வாழ்வில் நாம் காண்கிறோம். நம் இளைஞரும் அதனை அறிதல் நன்று.