ஆரியபட்டரும் ரெண்டு ஓட்டக்காரர்களும்

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே நம்ம பக்கத்துல எல்லார் கையிலயும் ஒரு ஆப்டிடியூட் புக் வந்துடும். அதுல ரயில், படகு, ஓட்டப்பந்தயம்னு ஒரு அத்தியாயம் கண்டிப்பா இருக்கும். முன்னாடி இருக்கறவன் 60 மீட்டர் தள்ளி நிக்கிறான், நொடிக்கு 5 மீட்டர் ஓடுறான். பின்னாடி இருக்கறவன் நொடிக்கு 7 மீட்டர் ஓடுறான். எப்போ பிடிப்பான்? இடைவெளி 60-ஐ வேக வித்தியாசம் 2-ஆல வகுத்தா 30 நொடி. ஷார்ட்கட்னு நாம மனப்பாடம் பண்ற இந்த விதியை ஒரே ஒரு செய்யுள்ல எழுதி வச்சவர் ஆரியபட்டர். சுமார் 1500 வருஷம் ஆச்சு.

பிறந்த வருஷமே ஒரு கணக்கு

அவர் பிறந்த வருஷத்தைக்கூட நேரடியா சொல்லலை, கணக்காத்தான் கொடுத்திருக்கார். கலியுகத்தில் 3600 வருஷம் முடிஞ்சப்போ தனக்கு 23 வயசு நிறைஞ்சதுன்னு ஒரு செய்யுள்ல குறிப்பு இருக்கு. கலி 3600 என்பது கி.பி. 499. அதுல 23-ஐக் கழிச்சா 476. ‘ஆரியபட்டீயம்’ எழுதினதும் அந்த 23 வயசுலதான் என்பது பொதுவான கருத்து. நம்ம சீனியர்ஸ் முதல் சம்பளம் வாங்கற வயசு!

குசுமபுரத்தில் மதிக்கப்பட்ட அறிவைச் சொல்றேன்னு நூல்ல எழுதியிருக்கார். குசுமபுரம்னா பாடலிபுத்திரம், அதாவது இன்றைய பாட்னா என்று 629-ல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் விளக்குறார். ஆரியபட்டரை அசுமக நாட்டோடு சேர்த்துப் பேசுறதும் அவர்தான். பாண்டுரங்கசுவாமி, லாடதேவர், நிசங்கு என்று சீடர்கள் பெயரும் கிடைச்சிருக்கு. குடும்பம், கல்யாணம், ராஜசபை பத்தி ஒரு வரி கூட இல்லை. இன்னொரு நூலான ‘ஆரியசித்தாந்தம்’ தொலைஞ்சு போச்சு. அவர் வாழ்க்கைன்னு நம்ம கையில் இருக்கறது 121 செய்யுள்தான். அதில் கணிதத்துக்கு ஒதுக்கினது 33.

அடுத்தடுத்து ரெண்டு செய்யுள்

கணிதப் பகுதியின் 30-ஆவது செய்யுள் பணக் கணக்கு. ரெண்டு பேர்கிட்ட ஒரே மாதிரிப் பொருள் சில இருக்கு, கூடவே கொஞ்சம் காசும் இருக்கு. மொத்தச் சொத்து ரெண்டு பேருக்கும் சமம். அப்போ ஒரு பொருளோட விலை என்ன? காசு வித்தியாசத்தைப் பொருள் எண்ணிக்கையின் வித்தியாசத்தால வகுக்கணும்.

அடுத்த 31-ஆவது செய்யுள் நம்ம ஓட்டக் கணக்கு. ஒரே திசையில போற ரெண்டு பொருளுக்கு இடைவெளியை வேக வித்தியாசத்தால வகு. எதிரெதிரா வந்தா வேகங்களோட கூட்டுத்தொகையால வகு. சந்திக்கிற நேரம் வந்துடும். நம்ம ஓட்டக்காரர்கள் எதிரெதிரா ஓடி வந்தா 60-ஐ 12-ஆல வகுத்து 5 நொடி.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் ஆள்கிட்ட 5 பொருள், 60 காசு. ரெண்டாவது ஆள்கிட்ட 7 பொருள், காசு இல்லை. 60 + 5 × விலை = 7 × விலை. விலை 30. அப்படியே விலைங்கற சொல்லை எடுத்துட்டு நேரம்னு போடுங்க, ஓட்டப்பந்தயம் ஆயிடுச்சு. பொருள் எண்ணிக்கை வேகமாயிடுது, கையில இருக்கற காசு கிளம்புற இடமாயிடுது. பள்ளியில ஒய் = எம்எக்ஸ் + சி என்று படிச்சோமே, அதுல எம் வேகம், சி தொடக்க இடம். ரெண்டு நேர்கோடும் வெட்டிக்கிற புள்ளிதான் விடை. கிராஃப் பேப்பர் இல்லாத காலத்துல இதை ரெண்டு செய்யுளா அடுத்தடுத்து வச்சிருக்கார்.

நிஜமான ஓட்டக்காரர்கள் வானத்துல

அவருக்கு இந்த விதி எதுக்கு வேணும்? சூரியனும் சந்திரனும் ஒரே வட்டப் பாதையில ஓடுற ரெண்டு பேர். சந்திரன் வேகமான ஆள். அவன் ஒரு சுற்று கூடுதலா ஓடி சூரியனைப் பிடிக்கிறதுதான் அமாவாசை. ஆரியபட்டர் கொடுத்த எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மகாயுகத்தில் சூரியன் 43,20,000 சுற்று, சந்திரன் 5,77,53,336 சுற்று. வித்தியாசம் 5,34,33,336. அத்தனை முறை சந்திரன் சூரியனைப் பிடிக்குது. மகாயுகத்தின் நாட்கள் 157,79,17,500. வகுத்தா ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததுக்கு சராசரி 29.53058 நாள். இன்றைய அளவு 29.53059. கால்குலேட்டர்ல நீங்களே தட்டிப் பார்த்துக்கலாம்.

முழு எண் விடை மட்டுமே வேணும்னா என்ன செய்யறது? அதுக்குத்தான் 32, 33-ஆவது செய்யுள்கள். ‘குட்டகம்’ என்று பின்னாடி பேர் வந்துச்சு, இடிச்சுப் பொடியாக்குறதுன்னு அர்த்தம். பெரிய எண்களை மாத்தி மாத்தி வகுத்துச் சின்னதாக்கற முறை. சிஎஸ்இ பசங்க ஆர்எஸ்ஏ படிக்கும்போது பார்க்கிற விரிவாக்கிய யூக்ளிட் முறையும் இதே குடும்பம்தான்.

படகில் இருந்து பார்த்த பூமி

வேக வித்தியாசத்தை யோசிச்சவர், பார்க்கிறவனும் நகர்ந்தா என்ன ஆகும்னும் யோசிச்சார். ஆற்றுல படகில் போறவனுக்குக் கரையில நிக்கிற மரங்கள் பின்னாடி ஓடுற மாதிரி தெரியும். அதே மாதிரி பூமி சுத்துறதாலதான் நட்சத்திரங்கள் மேற்கே போற மாதிரி தெரியுதுன்னு எழுதினார். அவர் எண்களின்படி பூமி ஒரு தடவை தன்னைத்தானே சுத்த 23 மணி 56 நிமிடம் 4.1 நொடி. இன்றைய அளவும் ஏறக்குறைய இதேதான்.

இதுக்கு அவர் கொடுத்த விலை பெருசு. அடுத்த நூற்றாண்டிலேயே வராகமிகிரர், பூமி சுத்தினா பறந்து போன பறவை கூட்டுக்கு எப்படித் திரும்பும்னு கேட்டார். 628-ல் பிரம்மகுப்தர் இன்னும் கடுமையா மறுத்தார். அவரை ஆதரிச்சு உரை எழுதினவங்களே, பூமி என்ற சொல் வர்ற இடத்துல நட்சத்திரக் கூட்டம்னு பாடத்தை மாத்திப் படிச்சாங்க. குருவைக் காப்பாத்தறதா நினைச்சு அவர் சொன்னதையே திருத்திட்டாங்க.

எல்லாமே சரியாச் சொன்னார்னும் இல்லை. பிரமிடு, கோளம் ரெண்டின் கன அளவுக்கும் அவர் கொடுத்த விதிகள் தப்பு. பூஜ்யத்தைக் கண்டுபிடிச்சவர்னு வர்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டும் சரியில்லை. பூஜ்யத்தை ஒரு எண்ணா வச்சுக் கூட்டல் கழித்தல் விதி எழுதினவர் அவரை மறுத்த அதே பிரம்மகுப்தர். பை மதிப்பை 3.1416 என்று கொடுத்து, இது தோராயம்தான்னு சொன்ன நேர்மை ஆரியபட்டருடையது.

நம்ம ஊருக்கு வந்த கதை

அந்த நூல் தெற்கேதான் நல்லா வேர் பிடிச்சது. கேரளத்தில் பரமேசுவரர், நீலகண்டர் உரை எழுதினாங்க. தமிழ்நாட்டில் 1191-ல் பிறந்த கங்கைகொண்ட சோழபுரத்து சூரியதேவ யஜ்வன் எழுதின உரை இன்னைக்கும் அச்சில் இருக்கு. நம்ம வீட்டுச் சுவர்ல தொங்குற வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை எண்களும் ஆரியபட்டர் மரபிலிருந்து வந்தவைதான். 1825-ல் ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அவர் தரையில சோழிகளைப் பரப்பி, மனப்பாடமா வச்சிருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். முடிவு நேரத்தில் பிழை 52 நிமிடம்.

1975 ஏப்ரல் 19-ல் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் சோவியத் ராக்கெட்டில் ஏறினப்போ அதுக்கு ஆரியபட்டாவின் பெயரை வச்சாங்க. அதை உருவாக்கினது பெங்களூரு பீன்யாவில். பென்னலூர் வழியாப் போற இதே ஹைவேயின் அந்தப் பக்கம். சில நாள்லயே மின்சப்ளை கோளாறாகி ஆய்வுக் கருவிகள் நின்னு போச்சு. ஆனாலும் ஒரு செயற்கைக்கோளை நாமே கட்ட முடியும்னு அந்த டீம் கத்துக்கிட்டது.

ஆரியபட்டர் விதியை மட்டும்தான் எழுதினார், ஏன்னு எழுதலை. அந்த ஏன்-ஐத் தேடித்தான் பாஸ்கரர் முதல் சூரியதேவர் வரைக்கும் சுமார் அறுநூறு வருஷமா உரை எழுதிட்டே இருந்தாங்க. ஷார்ட்கட்டை மனப்பாடம் பண்றதோட நிறுத்திக்காம, அது ஏன் வேலை செய்யுதுன்னு ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. அந்த வரிசையில நீங்களும் ஒரு உரையாசிரியர்தான்.